லோரி அக்காவும் விமானம் ஏறாத டுரியானும்

பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் லோரி அக்காவிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் எவரும் இல்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் சொந்த லோரியை அவரே ஓட்டுவார். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், “லோரியில எழுதியிருக்கு, பாரு” என்பார். அதில் எழுதியிருந்தது லோரியின் எடை மட்டுமே.

ஒருமுறை ஆலை வாசலில், சிலிப்பர் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்றார் காவலாளி. அக்கா வாதாடவில்லை. வாசலை மறித்து லோரியை நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பின்னால் சேர்ந்த லோரிகள் அடித்த ஹாரனில் மேனேஜரே இறங்கி வந்தார். அக்கா சிலிப்பரோடுதான் உள்ளே போனார்.

சென்ற ஆண்டு, மலைகளுக்கு அப்பால் கோத்தாபாருவில் இருக்கும் அவருடைய சொந்த அக்காவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அம்மாள் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் நட்ட மரத்து டுரியான் பழம். லோரி அக்கா விமானம் ஏறியதே இல்லை என்பதால், பக்கத்து வீட்டுக்காரனான நானும் துணைக்குக் கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பஸ் நிலையத்தைவிடக் கொஞ்சம் பெரிய விமான நிலையம். அக்காவின் டுரியான் சாக்கு உள்ளே நுழையும் முன்பே வாசம் நுழைந்துவிட்டது. கவுண்டர் பெண் மூக்கைப் பிடிக்காத குறையாக, கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது, குப்பைத்தொட்டி அங்கே இருக்கிறது என்றாள்.

“எங்கப்பா நட்ட மரம். குப்பைக்குப் போவாது,” என்றார் அக்கா.

வெளியே வந்து வாசலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். டாக்சிக்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி முதல் பழத்தைப் பிளந்தார். பாதுகாவலர் ஓடிவந்து, கதவில் ஒட்டியிருந்த டுரியான் படத்தையும் அதன் மேலிருந்த சிவப்புக் கோட்டையும் காட்டினார். படம் கதவுக்குத்தான், நான் உட்கார்ந்திருப்பது தரையில் என்று மலாயில் சொல்லிவிட்டு அக்கா சுளையை வாயில் போட்டார். எனக்கு ஊட்டாத குறை. டாக்சிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தொப்பியைக் கக்கத்தில் வைத்தபடி ஒரு விமானிகூட ஒரு சுளை கேட்டு வாங்கித் தின்றார். அப்புறம் பாதுகாவலருக்கும் தைரியம் வந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் அக்கா மட்டும் சட்டென்று நிறுத்திவிட்டார். கடைசிப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“கேட்டவளுக்கு இல்லாம நான் திங்குறேனே, தம்பி.”

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

“நீ பறந்து போ. நான் லோரியில வர்றேன்.”

நான் பறந்து போய்க் காத்திருக்க, அவர் சொன்னபடியே மலையெல்லாம் ஏறி இறங்கி, மறுநாள் மத்தியானம் கோத்தாபாரு வீட்டுவாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. பழத்துக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்.

அந்த அம்மாள் ஒரு சுளையை மென்று விழுங்கி, “இந்த வருசம் இனிப்பு கம்மிதான்லா,” என்றார். இரண்டாவது சுளைக்குக் கை நீட்டும்போது அழுதுகொண்டிருந்தார். லோரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழியில் பார்த்த சாலைகள் எல்லாவற்றையும் திட்டத் தொடங்கினார்.

திரும்பி வர என் கையில் விமான டிக்கெட் இருந்தது. அதை அப்படியே பைக்குள் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.