கற்பனைச் சாலைக்கு ஓர் ஆட்சேபணை

வரைபடத்தில் நேர்க்கோடு போடும்போது வருகிற சந்தோஷம் நகரமைப்பாளர்களுக்கு மட்டுமே தெரியும். (வியாதி என்றும் சொல்லலாம்.) அந்தச் சந்தோஷத்தில்தான் ஒருமுறை என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அகில இந்திய நகரமைப்பாளர் சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்ற தகுதி விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. பட்டம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் இருக்கட்டும். கூடவே, ஒரு திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் முன்னால் நின்று, அவர்கள் பேச்சிலேயே விளக்கிச் சமாளிப்பவர்தான் உறுப்பினராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள் குழுவிலிருந்த டெல்லிக்காரர்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் ஊர் திருவொற்றியூருக்கு வாருங்கள், நானே செய்து காட்டுகிறேன் என்று வாயை விட்டேன். வந்தே விட்டார்கள். நான் சொதப்பினால் என் விதியும் குப்பைக்குப் போகும்.

தெருமுனைக் கல்யாண மண்டபத்தைப் பிடித்து, சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று நாற்காலிகளை நிரப்பினேன். (கள்ள ஓட்டு மாதிரிதான்.) நான் விளக்கப்போகிற சாலைத் திட்டம் வெறும் கற்பனை, மரியாதையாக இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள், பிரியாணி உண்டு என்று சொல்லிவைத்தேன். கடலோர நெடுஞ்சாலையிலிருந்து ரயில் நிலையம் வரை, எங்கள் ஊரின் நிஜ வரைபடத்தில் அழகாக ஒரு நேர்க்கோடு போட்டிருந்தேன்.

முதலில் எல்லாம் ஜோராகப் போனது. குழுத் தலைவர்கூடத் தலையாட்டினார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டில் நான் நூறு வார்த்தை பேசினால் "உம்" என்று ஒன்று சொல்கிற ஆள். மைக்கை வாங்கி, வரைபடத்தில் விரலை வைத்தார்.

"மேடம், இந்த ரோடு எங்க வூட்டு சமையக்கட்டுல பூந்து போவுது. என் ஆட்சேபணைய எழுதிக்கோங்க."

மேடமாம்! கற்பனைச் சாலைதானே, உட்காருங்கள் என்று பல்லைக் கடித்தேன்.

"கற்பனைலயே எங்க வூடு பூடுச்சுன்னா, நெஜத்துல இன்னா மிஞ்சும்?"

மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரவர் வீட்டைத் தேடி வரைபடத்தை மொய்த்தது. பாதிக்கப்படுவோருக்கு உரிய மாற்று இடம் வழங்கப்படும் என்று அரசாங்க அறிவிப்பு மாதிரி ஒப்பித்தேன். அது எங்கே, மேப்பில் காட்டுங்கள் என்றார் மனுஷன். நான் வரையவே இல்லை. சித்தி முதல் பால்காரர் வரை வெளிநடப்பு செய்தார்கள், என் வீட்டுக்காரர் தலைமையில். பிரியாணியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஏரியா சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிரியாணியைக் குழு ஒரு பிடி பிடித்தது. எனக்குத் தோல்வி என்று தலைவர் கூசாமல் சொன்னார். ஆனால் மாற்று இடம் எங்கே என்று இத்தனை வருஷ நேர்காணலில் யாரையும் நாம் கேட்டதில்லையே என்றும் அவரே சொன்னார். என் விதியை ஏற்றுக்கொண்டார்கள். மாற்று இடத்தை வரையாத திட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று ஒரு வரியும் சேர்த்தார்கள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் குதித்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் ரூலு நல்லா கீதுன்னுதாம்மே கேட்டேன். பொய்யா கேட்டா அது இன்னா பரீச்ச?"

இன்றைக்கு நாடு முழுக்கப் புது உறுப்பினர்கள் அந்த விதியைத் தாண்டித்தான் வருகிறார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் வாய் திறக்கிற ஒரே விஷயமும் இதுதான்.

"மொத்த இந்தியாவுக்கும் ரூலு எழுதுனது என் பொண்டாட்டி. அதுல மொதல்ல ஃபெயிலானதும் அவதான்."

இரண்டையும் ஒரே பெருமையோடு சொல்வார். முதல் பாதியோடு நிறுத்த அவருக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.