முப்பத்தோராம் இலக்கம்

ஊர்காவற்றுறையில் கடல்கூட ஒருநாள் வற்றும், மறுநாள் பெருகும். சமனக்கா அடித்த பட்டியல் மட்டும் ஏறி இறங்கி நான் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் நான் தற்காலிக எழுதுவினைஞன். சமனக்கா தட்டச்சாளர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். எந்தப் பட்டியலையும் படியெடுக்கும் ஸ்ரென்சில் தாளில் மூன்று நிரலாகத்தான் அடிப்பார். இலக்கங்கள் முதல் நிரலில் மேலிருந்து கீழே இறங்கி, அடுத்த நிரலின் தலைக்கு ஏறும். மூன்று நிரலும் அடியில் சமனாக முடிய வேண்டும். ஒரு பெயர் கூடிக் கீழே தொங்கினால் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

உலகத்தில் எல்லாரும் ஆட்களைப் பார்த்துப் பட்டியல் போடுவார்கள். அக்கா பட்டியலைப் பார்த்து ஆள் பிடிப்பார். ஒருமுறை பொதுக்கூட்டத்துக்கு இருபத்தொன்பது பேர்தான் வந்தார்கள். எண்ணிப் பார்த்த அக்கா வாசலுக்கு ஓடினார். அங்கே பேக்கரிப் பாண்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உள்ளுக்கு வந்து ஒரு கதிரையில இருங்கோ.”

“நான் பாண் குடுக்க வந்தனான், பிள்ளை.”

“பாண் கிடக்கட்டும். முழுப்பேரைச் சொல்லுங்கோ.”

இருந்தவர் சும்மா இருக்கவில்லை, எழும்பி இரண்டு கேள்வியும் கேட்டார். அடுத்த வருசம் செயற்குழுவில் இருந்தார்.

சாட்டிக் கடற்கரைக்குச் சுற்றுலா போக முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முப்பத்துமூன்றாவதாக அக்காவின் கணவர் சேர்க்கப்பட்டார். வெயில் ஒத்துக்கொள்ளாத மனிதர். பகல் முழுக்கத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே இருந்தார்.

“இறங்கி வாங்கோவன், அண்ணை” என்றேன்.

“நான் பட்டியலுக்கு வந்தனான், தம்பி. கடலுக்கு வரேல்லை” என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். என் முறை வருமென்று அப்போது தெரியாது.

தற்காலிகமாக இருப்பவர்களை நிரந்தரமாக்கப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்படி யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. மொத்தம் முப்பத்தொரு பேர். கடைசியாகச் சேர்ந்தவன் நான். கரம்பொனில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனாரோ, வேலை நிரந்தரமானால்தான் கலியாணம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பத்து, பத்து, பத்து. கீழே தொங்கப்போவது நான். அக்கா பென்சிலால் புள்ளி வைத்து இரண்டு தரம் எண்ணிவிட்டு முகாமையாளரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

“ஐயா, இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்க ஏலாதோ?”

“இது பாண்காரரைச் சேர்க்கிற பட்டியல் இல்லை, பிள்ளை. வடிவுதான் வேணுமெண்டால் அந்தக் கடைசிப் பெடியனை விடும். அடுத்தமுறை பாப்பம்.”

அக்கா திரும்பி வந்து அடிக்கத் தொடங்கினார். மத்தியான பஸ்ஸில் பட்டியல் போக வேண்டும். முப்பது வரைக்கும் மழை மாதிரி அடித்தார். பிறகு சத்தம் நின்றது. கலியாணம் கைநழுவிப் போவது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

“தம்பி, உம்மட தகப்பன்ர பேர் என்ன?”

சொன்னேன்.

“அப்பப்பான்ர பேர்?”

சொன்னேன்.

“ஊரைச் சொல்லும். குறிச்சியையும் சொல்லும்.”

“அக்கா, மற்றவைக்கு இதெல்லாம் போடேல்லையே?”

“மற்றவை தொங்கேல்லை. பேசாம இரும்.”

பிறகுதான் விளங்கியது. என் பெயரை மூன்று நிரலுக்கும் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுத்துக்கொண்டிருந்தார். அப்படியும் கடைசியில் ஐந்து எழுத்து குறைந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘அவர்கள்’ என்று அடித்து முடித்தார்.

முகாமையாளர் தாளைப் பார்த்துத் திகைத்துப்போனார். “இது ஆர், மந்திரியோ?”

“கடைசிப் பெடியன்தான், ஐயா. இனித் திருத்த ஏலாது. பஸ் வெளிக்கிடப் போகுது.”

முப்பத்தொரு பேருக்கும் நியமனம் வந்தது. எனக்குக் கலியாணமும் நடந்தது. பிறகு போர் வந்து தீவே இடம்பெயர்ந்தது. அக்கா எந்தப் பக்கம் போனாரோ, இன்றுவரை தெரியாது.

உத்தியோகத்தில் உயர்ந்தபின் எத்தனையோ பேர் என்னை ‘அவர்கள்’ என்று எழுதினார்கள். ஆனால் எனக்கு ஓர் இடம் இருக்க வேண்டுமென்று சமனக்காவைப்போல யாரும் பாடுபட்டதில்லை.