தக்கவைக்கும் கட்டத்தில் இருப்பவர்

பட்டாளத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் உண்டு. செய்யாமல் டிமிக்கி கொடுக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்று இருக்கிறது. அவர் உடற்பயிற்சியை விளக்குகிறவர். டெக்சாஸில் எங்கள் முகாமில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கொடிக்கம்பம் நட்ட இடமெல்லாம் இருக்கிறார்.

அடையாளம் சொல்கிறேன். விடியுமுன் நாமெல்லாம் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்க, இருட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காகக் கட்டும் ஒளிரும் மஞ்சள் பட்டை இடுப்பிலும் காபி கையிலுமாக முன்னால் வந்து நிற்பார். பட்டையை மறந்து வந்தவனை, துப்பாக்கியை எதிரியிடம் கொடுத்துவிட்டு வந்தவனைப் போலப் பார்ப்பார். பிறகு தொண்டையைக் கனைப்பார். போச்சு. துல்லியம், படிப்படியான ஏற்றம், எல்லாம் கலந்த சமநிலை என்று கொள்கைகள். தொடக்கம், உரமேற்றல், தக்கவைத்தல் என்று கட்டங்கள். அவற்றின் உட்பிரிவுகள், உட்பிரிவுகளுக்கு அவர் பார்த்த விதிவிலக்குகள் என்று போய்க்கொண்டே இருக்கும். நமக்குக் கால் மரத்துவிடும்.

"நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்க சார்ஜெண்ட்?"

"தக்கவைக்கிற கட்டம்."

எதைத் தக்கவைக்கிறார்? பட்டையை அவர் வயிற்றைச் சுற்றி இழுத்து மாட்டும்போது பார்த்தால் தெரியும்.

ஓட்டத்தில் அவர் எப்போதும் கடைசி. களைத்தவர்களைத் தேற்றுவதற்காம். அணி பாதி வழியில் வளைந்து திரும்பி வந்து, பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். பல நாள் அப்படித் திரும்பி வந்து பார்த்தால், தேற்றுகிறவர் மட்டும் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

எங்கள் பிரிவுக்கு வாய்த்தவர் சார்ஜெண்ட் லாமார் ஹட்சின்ஸ். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடவேண்டும். போன தடவை உடற்தகுதித் தேர்வில் தண்டாலில் தவறிவிட்டார். இந்தத் தடவையும் தவறினால் பட்டாளத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தேர்வன்று அவருக்கு எண்ணிக்கை எடுக்க வந்தது யார் தெரியுமா? கார்லா பெனவிடெஸ். அவரிடமே தண்டால் கற்றவள். நெஞ்சு தரையில் பட வேண்டும், கையை எடுத்துப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும், திரும்ப ஊன்றி உடம்பை ஒரே பலகையாகத் தூக்க வேண்டும். பிசகினால் அது கணக்கில்லை என்று மாதக்கணக்கில் அவளை வறுத்தெடுத்தவர் இவர்தான்.

ஹட்சின்ஸ் மளமளவென்று எழுந்து எழுந்து விழுந்தார். அவள் ஒன்றைக்கூட எண்ணவில்லை.

"எண்ணும்மா."

"கை நீளல, சார்ஜெண்ட். இடுப்பும் தொங்குது."

"இதப் பாரு, துல்லியம்கிறது என்னன்னா..."

"படுத்துக்கிட்டுப் பேசினா நடுவுல ஓய்வெடுத்தீங்கன்னு எழுதித் தேர்வை முடிச்சிருவேன். எந்திரிங்க, ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்' மிக மெதுவாக வந்தது. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்து முதல்முறையாக ஹட்சின்ஸ் வாயை மூடினார். நெஞ்சு தரையில் பட்டது, கை நீண்டது, உடம்பு பலகையாக எழுந்தது. "ஒண்ணு" என்றாள். முகம் சிவந்து, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட அவர் செய்துகொண்டே போனார். தேவையான எண்ணிக்கையைத் தொட்டதும் அப்படியே குப்புற விழுந்தார். தேறிவிட்டார். அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். காபி கேட்டார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"கவனிச்சீங்கல்ல? முதல்ல நாலஞ்சு வேணும்னேதான் தப்பாப் பண்ணிக் காட்டினேன். எப்படிப் பண்ணக்கூடாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும் பாருங்க."

பெனவிடெஸ் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, சார்ஜெண்ட்" என்றாள்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். தெரிந்தவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அவருக்கு இதைப் படித்துக்காட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி நாலு வார்த்தை எடுத்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். சாய்ந்து கிடக்கிறீர்களே, முதலில் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.