ஆறு மணி விசில்

கல்யாணமான புதிதில் ஆணுக்கு மூளை வேலை செய்யாது, காது மட்டும்தான் வேலை செய்யும். நானே சாட்சி.

ஐப்பசியில் கல்யாணம் முடிந்து, இரணியலிலிருந்து குலசேகரத்துக்கு மாமனார் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் மனைவி சிந்து புறவாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில். ஏறி, குழைந்து, இறங்கியது. (அடித்தவனுக்கு நல்ல அனுபவம் என்று அப்போதே பட்டது.) சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் துணி எடுக்கப் போனாள். மறுபடியும் அதே விசில்.

"யாரு அது விசிலடிக்கது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பொறுமை போய்விட்டது. தாலி கட்டி ஒரு வாரம் ஆகவில்லை, என் பெண்டாட்டியைப் பார்த்து ஒருத்தன் டைம்டேபிள் போட்டு விசிலடிப்பதா? கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஆள்தான். பால் வெட்டுகிற தங்கப்பன் அண்ணன், மரத்தில் பால் வடிகிற சிரட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"விசிலடிக்கதுக்கு ஒமக்கு வேற எடம் கெடைக்கலியா ஓய்?"

சத்தம் கேட்டு மாமனார் வீடே ஓடிவந்தது. தங்கப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். முன்பல் ஒன்றுகூட இல்லை.

"விசிலடிக்கதுக்குப் பல்லு வேண்டாமா மாப்ளே?"

அந்த நேரம் பார்த்து, நாலடி தள்ளி அதே விசில். சருகுக்குள் ஒரு குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, பேருக்கு ஒரு வால், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை (கள்ளனுக்கு ஏற்ற முகம்). சருகைப் புரட்டி ஒரு புழுவை விழுங்கிவிட்டு, தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை அடித்தது.

"ஆறுமணிக் குருவியாக்கும் மாப்ளே," என்றார் மாமனார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வடக்க கூடு கட்டி குஞ்சு பொரிக்கும். ஐப்பசில இங்க வந்தா சித்திர வரைக்கும் நிக்கும். காலைலயும் அந்திக்கும் இப்பிடித்தான் விளிக்கும்."

தங்கப்பன் கத்தியைக் கீழே வைத்தார். "இனி இந்தத் தோட்டத்துல நான் வெட்டுகதா இல்ல."

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடம் அந்த மரங்களைத் தொட்டவர் தங்கப்பன் ஒருவர்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். போதவில்லை. அன்றைய பாலை நானே சுமக்க வேண்டும் என்றார் தங்கப்பன். வெள்ளை வேட்டியோடு சுமந்தேன். அதில் சிந்திய ரப்பர் பால் இன்றுவரை போகவில்லை.

நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன? எங்கோ வடக்கிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்த சவத்துக்கு என் மாமனார் தோட்டம்தானா கிடைத்தது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிந்துவிடம் கேட்டேன். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"பிறந்ததுலேர்ந்து கேக்கேன்லா."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"எனக்காவ ஒருத்தரு இப்பிடிக் கோவப்படுகது பாக்க நல்லா இருந்து. தங்கப்பண்ணனப் பிடிப்பியன்னு யாரு கண்டா?"

தங்கப்பன் இப்போது பல்செட் வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்தால் போன் வரும். "மாப்ளே, ஒங்க ஆளு வந்தாச்சு. போனை சிந்துகிட்டக் குடுங்க." கொடுப்பேன். அவர் விசிலடிப்பார். ஏறி, குழைந்து, இறங்கும். இவள் சிரிப்பாள்.