பாப்பாவின் மலச்சிக்கல் மருந்தும் ஒரு முந்திரிக்காடும்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாப்பாவுக்கு மருந்து கொடுக்கணும்.

மூடியில் ஊற்றி, வாயில் விட்டு, முதுகைத் தட்டிக் கொடுத்தால் முடிந்தது. எத்தனையோ அம்மாக்கள் டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. அதில் நான் என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு ஏழு மாதம். கேழ்வரகுக் கஞ்சி ஆரம்பித்ததும் ஆய் போவதை நிறுத்திவிட்டாள். நாலு நாளாக ஒன்றுமில்லை. முக்குவாள். முகம் சிவக்கும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குத்தான் அழுகை வரும்.

ஜெயங்கொண்டத்தில் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. இந்த சிரப்பை ராத்திரி ஒரு மூடி கொடுங்க. கஞ்சியத் தண்ணியா காய்ச்சுங்க. போயிட்டு வாங்க."

வேறு யாராவது என்றால் போயிட்டு வந்திருப்பார்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள். "எதையும் முழுசா வாசிக்காம வாயில வைக்காதே" என்று எங்கள் சிஸ்டர் சொல்லிச் சொல்லி வளர்த்த பிறவி. பஸ் எங்கள் ஊர் வரதராஜன்பேட்டை வந்து சேர்வதற்குள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்துவிட்டேன்.

எறும்பு எழுத்து. வயிறு உப்பும். வாயு சேரும். வயிற்றைப் பிசையும். அளவு கூடினால் பேதியாகும்.

ஐயோ! ஏழு கிலோ பிள்ளை! இத்தனையும் தாங்குமா?

"ஏங்க, இதைப் படிச்சுப் பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"தலைவலி மாத்திரை சீட்டைப் படிச்சுட்டு, எனக்கு என்னென்னமோ வரப்போவுதுன்னு அழுதவதானே நீ? பேசாம பிள்ளைக்குக் கொடு."

மூடியில் ஊற்றினேன். திரும்ப பாட்டிலில் ஊற்றினேன். மறுபடி மூடியில். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பொறுக்கவில்லை.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா நேரா மருந்து? தாய் குடிச்சா பால்ல இறங்கிட்டுப் போவுது. என் மூணு பிள்ளைக்கும் வயித்துல கோளாறுன்னா நான்தான் கசாயம் குடிச்சேன். உம் புருசன் நல்லாத்தானே இருக்கான்?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மருந்தும் போகும், பிள்ளைக்கு ஆபத்தும் இல்லை! ஆனால் அளவு? அங்கேதான் படிப்பு வந்து கெடுத்தது. ஏழு கிலோவுக்கு ஒரு மூடி என்றால் என் எடைக்கு எத்தனை மூடி? (என் எடை என்ன என்பது இங்கே முக்கியமில்லை.) பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் பர்ஸ்ட். விடை, பாட்டிலில் முக்கால்வாசி வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

குடித்தேன். குலோப்ஜாமூன் ஜீரா மாதிரி இருந்தது. நல்லாவே இருந்தது!

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. வீட்டுக்காரர் சீர்த்தட்டோடு பைக்கில் முன்னாடி போய்விட்டார். நானும் அத்தையும் பாப்பாவும் பஸ்ஸில். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, பாப்பா நாலு நாளாகப் போகாத விஷயத்தை அத்தை பஸ் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

அப்போது ஒரு சத்தம். பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி.

"பிள்ளைக்கு வயிறு எப்படி இரையுது பாரு" என்றார் பக்கத்து சீட்டு அக்கா.

"ஆமாக்கா, பாப்பாவுக்குத்தான்" என்றேன்.

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் உப்பியது. அப்புறம் பிசைந்தது. மருந்துப் பெட்டிச் சீட்டில் போட்டிருந்தது எதுவும் வரிசைகூட மாறவில்லை. அடுத்து என்ன என்று எனக்கு மனப்பாடம்! வேர்த்துக் கொட்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. இனி ஒரு நிமிடம் தாங்காது.

"அண்ணே, நிறுத்துங்க! பாப்பாவுக்கு வருது!"

பஸ்ஸே குதூகலித்தது. "அப்பாடா! நாலு நாளாச்சு, போவட்டும் போவட்டும்!" கண்டக்டர் விசில் அடித்தார். ஒருத்தர் எழுந்து வழிவிட்டார். இன்னொருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் பாப்பாவைத் தூக்கிப் பக்கத்து அக்கா மடியில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினேன். குதித்து ஓடினேன்.

பிறகு கண்டக்டர் குரல்: "யம்மா! யம்மோவ்! பிள்ளை இங்க இருக்கு!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளைய வுட்டுட்டு எங்க ஓடுது இந்தப் பொண்ணு?"

ஜன்னல் வழியாக அத்தையின் குரல் முந்திரிக்காடு முழுக்கக் கேட்டது. "அவ போவட்டும் தம்பி. மருந்து குடிச்சது அவதான்!"

திரும்பி வந்து ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "படிக்கட்டுப் பக்கமா உக்காரும்மா, சௌகரியமா இருக்கும்" என்று தன் இடத்தைக் கொடுத்தார்.

சோழபுரம் போவதற்குள் இன்னொரு தடவை பஸ் நின்றது. இந்தத் தடவை நான் கேட்கவேயில்லை. கண்டக்டரே என் முகத்தைப் பார்த்து விசில் அடித்துவிட்டார்.

காதுகுத்து வீட்டில் பிரியாணி மணந்தது. நான் ஒரு மூலையில் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டாக்டரம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டாக்டர், நான் குடிச்சதால பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க குடிச்சீங்களா? ஏம்மா?"

"பால்ல இறங்கும்னு..."

டாக்டரம்மா போனைத் தள்ளி வைத்துச் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

"அந்த மருந்து ரத்தத்துல சேர்றதே ரொம்ப ரொம்பக் கொஞ்சம்மா. குடலோட சரி. குடிச்சவங்க குடலோட. பாப்பா நேத்து எப்படி இருந்தாளோ, அப்படியேதான் இருப்பா. நீங்க தண்ணி நிறைய குடிங்க. நிக்கலன்னா நேர்ல வாங்க. மிச்சம் ஏதாவது வச்சிருக்கீங்களா? அதுல பாப்பாவுக்கு நான் சொன்ன ஒரு மூடி கொடுங்க."

அப்படியேதான் இருப்பா! அதாவது நான் ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால் மானத்தை விட்டு வாங்கிய பலனில் என் பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. நாலு நாள் ஐந்து நாள் ஆனதுதான் மிச்சம்.

அன்று ராத்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மூடி கொடுத்தேன். பாப்பா உதட்டைச் சப்பிக்கொண்டு, இன்னும் கொடு என்று மூடியைப் பிடித்து இழுத்தாள். விடிய விடிய அவள் வயிற்றில் காதை வைத்துப் படுத்திருந்தேன். உப்பவில்லை, பிசையவில்லை. குறட்டை மட்டும் வந்தது.

இன்றைக்கு மத்தியானம், அத்தை மடியில், காதுகுத்துக்கு வைத்துக்கொடுத்த புதுச் சேலையில், பாப்பா மனம் திறந்தாள்.

வீட்டுக்காரர் கைதட்டினார். நான் உட்கார்ந்து அழுதேன். அத்தை எழுந்திருக்கக்கூட இல்லை. சேலையைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"பாத்தியா? முந்தாநாள் நீ குடிச்சது இப்பத்தான் பால்ல இறங்கியிருக்கு!"

சீட்டை மறுபடி எடுத்து முழுசாக வாசித்தேன். பக்கவிளைவுகளில் மாமியாரைச் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.