மாமனாரிடம் கொடுத்த மூங்கில் கம்பு

எனக்கு மோட்டார் வேலை முக்கால்வாசி தெரியும். மீதமிருந்த கால்வாசியில்தான் என் மானம் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தான். அதனால் என்னைவிடக் கெட்டிக்காரன் யாரும் இல்லை என்று நம்புவதற்கு வசதியாக இருந்தது. கல்யாணமாகி நான்கு மாதம். மனைவி வசந்தா மீஞ்சூருக்குப் பக்கத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் ஸ்டோர் ரூமில், ஆணி மூட்டைகளுக்கு நடுவில். (ஆணி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியை நினைத்த புது மாப்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

தொழிற்சாலைக்குப் பின்னால் முதலாளி நான்கு குவார்ட்டர்ஸ் வீடுகள் கட்டியிருந்தார். மூன்றுக்கு ஆள் வந்துவிட்டது. நான்காவதை நான் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்.

"கக்கூஸ் குழி அடிக்கடி ரொம்பி வழியுது. அதுக்கு ஒரு மோட்டார் போட்டு ஓடவெச்சிக் காட்டு. ஆயுத பூஜை அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சாவிய உன் கையில குடுக்கறேன்."

அந்தப் பக்கமெல்லாம் தாழ்ந்த நிலம். நாலடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். குழித் தண்ணீரைப் பூமி வாங்கிக்கொள்ளாது. மோட்டார் வைத்து இறைத்துப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்கு அனுப்பியாக வேண்டும்.

வேலையைப் பக்தியோடுதான் செய்தேன். குழிக்கு மேலே மேடை கட்டி மோட்டாரை உட்கார வைத்தேன். ஒயரில் கை வைக்கும்முன் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். யாராவது விளையாட்டாக சுவிட்சைத் தட்டினாலும் என் உயிர் என் பையில் இருக்கும். தனியாகப் பள்ளம் தோண்டி, அடுப்புக்கரியும் உப்பும் போட்டு, மோட்டாருக்கு எர்த் கொடுத்தேன். இதுவரை செய்ததில் எவனும் குறை சொல்ல முடியாது.

கடைசியில் மாட்டியது மிதவை சுவிட்ச். தேங்காய் அளவில் ஒரு செம்பு உருண்டை, தண்ணீரோடு ஏறி இறங்கி, மோட்டாரைத் தானாகவே போட்டு அணைக்கும். திருவள்ளூரில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது மொட்டைமாடி டேங்குகளுக்கு நிறைய மாட்டியிருக்கிறேன். தண்ணீர் நிறைந்தால் மோட்டார் நிற்கும், குறைந்தால் ஓடும். பழகிய கை அப்படியே மாட்டிவிட்டது. கக்கூஸ் குழிக்கு இது நேர் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது, முதலில் சொன்னேனே, அந்தக் கால்வாசியில் இருந்தது.

பூஜைக்கு முதல் நாள் குழியில் அரைவாசிதான் தண்ணீர். மெயினைப் போட்டேன், ஓடியது. மேஸ்திரி நாகையா கை தட்டினார். அவர் ஆரம்பாக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். நான் மெயினை அணைத்துவிட்டு, வசந்தாவையும் மாமனாரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

மறுநாள் காலையிலிருந்தே தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து குவிந்தார்கள். ஜனங்கள் வந்தால் கக்கூஸுக்கும் வருவார்கள். பத்து மணிக்குக் குழி விளிம்பைத் தொட்டது. நான் கல்யாணப் பட்டு வேட்டியோடு, கம்பீரமாகப் போய் மெயினைப் போட்டேன். சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். உருண்டை உச்சியில் மிதந்துகொண்டிருந்தது. டேங்க் நிறைந்துவிட்டது, இனி மோட்டார் வேண்டாம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது!

இரண்டே இரண்டு ஒயரை மாற்றினால் போதும். அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஓடினேன். ஸ்பானர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சரஸ்வதி படத்தின் முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் காவலுக்கு நாகையா.

"ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க மேஸ்திரி."

"சாமிக்கு வெச்சத இன்னிக்கு எவனும் தொடக்கூடாது நைனா. நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டி எடுத்துக்கலாம்."

"அதுவரைக்கும் குழி தாங்காது."

"சரஸ்வதி பாத்துக்குவா."

"சரஸ்வதிக்குக் கக்கூஸ் டிபார்ட்மெண்ட் கிடையாது மேஸ்திரி!"

அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் குழிக்குத் திரும்பி ஓடினேன். அப்போது ஒரு யோசனை வந்தது. உருண்டையைக் கீழே அழுத்தினால், தண்ணீர் குறைந்துவிட்டதாக நினைத்து மோட்டார் ஓடுமே! பந்தலிலிருந்து ஒரு மூங்கில் கம்பை உருவினேன். குழி வாயில் குப்புறப் படுத்து அழுத்தினேன். மோட்டார் உறுமியது. கம்பைத் தளர்த்தினால் நின்றது. ஆக, குழி காலியாகும்வரை நான் படுத்தே இருக்க வேண்டும். (கம்பைக் கயிற்றால் கட்டியிருக்கலாமே என்று இன்று என் பேரன் கேட்கிறான். அந்த மூளை இருந்திருந்தால் நான் ஏன் அங்கே படுத்திருக்கப் போகிறேன்?)

"இன்னாங்க இது கோலம்!"

தலையைத் திருப்பினேன். வசந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மாமனார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். நெல் விளைவிக்கிற மனிதர். பெண்ணைக் கொடுத்தது சரிதானா என்ற யோசனை அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

"மாப்ள, இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மைக் அலறியது. "எலக்ட்ரீஷியன் தணிகாசலம் உடனே மேடைக்கு வரவும்!" சாவி! போனால் குழி வழியும், போகாவிட்டால் வீடு போகும். நான்கு மாத ஆணி மூட்டை வாழ்க்கை கண்முன் வந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் இத்த புடிங்க. தோ ஓடியாந்துடறேன்."

கம்பை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். பிடிங்க என்றுதான் சொன்னேன். அழுத்துங்க என்று சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதை வெட்கத்தில் சொல்லவே இல்லை.

முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஆணியின் பெருமையில் தொடங்கி, தேச முன்னேற்றத்துக்குப் போய், தொழிற்சாலைச் சுகாதாரத்துக்கு வருவதற்குள் கால் மணி நேரமாகிவிட்டது. அங்கே மாமனாருக்குக் கை வலித்திருக்கிறது. ஆழம் பார்க்கிற கம்பு போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாக அதை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டார். மோட்டார் நின்றதும், "வேல முடிஞ்சிபோச்சி போலகீது" என்று வசந்தாவிடம் சொன்னாராம்.

சாவிக்கும் என் கைக்கும் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தபோது முதலாளி மூக்கைச் சுளித்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். சாவி மறுபடி அவர் பைக்குள் போயிற்று.

ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாகையா சரஸ்வதியைத் தலைக்குமேல் தூக்கினார், கருவிகளை மடியில் அள்ளினார், குங்குமத்தோடு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் திணித்தார். "எத்துக்கோ நைனா, பேஜாரு பண்ணிட்டியே!" மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டு, ஒயரை மாற்றிப் போட்டேன். ஐந்தே நிமிஷம். மோட்டார் தானாக ஓடியது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை, முழங்கால்வரை நனைந்து நின்ற மாமனாரைத் தவிர.

அத்தனை பேர் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றும் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. நான் கொடுத்த எர்த் அப்படி. அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை. மோட்டார் மேடையோரம் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். நாற்றத்தில் கண் எரிகிறது என்று நினைத்து நாகையா விசிறினார்.

மாமனார் கிணற்றடியில் குளித்து, நாகையாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, மகளை ரயிலில் கூட்டிப்போனார். வசந்தா ஜன்னலிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு லாரி டிரைவருக்குப் போயிற்று. எனக்கு ஒன்று கிடைக்க மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை என் கையில் கொடுத்து, மருந்து வாங்கிவரச் சொன்னாள். பக்கத்தில் மாமனார் இருந்தார். "மாமா, ஒரு நிமிஷம் புடிங்க" என்று நீட்டினேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த வசந்தாவுக்குச் சிரிப்பில் தையல் பிரிந்துவிடும்போல் இருந்தது. இன்றும் எங்கள் வீட்டில் காப்பித் தம்ளரை நீட்டினால்கூட, அன்று அவர் கேட்டதைக் கேட்காமல் யாரும் கை நீட்டுவதில்லை:

"உட்டா இன்னா ஆவும்னு மொதல்ல சொல்லுங்க மாப்ள. அப்பால புடிக்கறேன்."