ஒரு கை வித்தியாசத்தில் போன பாலம்

பழைய தோட்டத்து வீடுகள்,
ஜெராம் போகும் சாலை,
கோல சிலாங்கூர்.
திங்கட்கிழமை, பசியாறலுக்கு முன்.

ரவாங் நகரில் மனைவி மகனோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் என் அன்பு மைத்துனன் அட்ரியனுக்கு, உன் அக்காள் கணவன் மத்தியாஸ் ஆண்டவர் பெயரால் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம், இடது முட்டி நீங்கலாக. அவ்விடம் நீயும் ஷெல்லியும் பிள்ளை ஜாரெட்டும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நேற்று நீங்கள் மூவரும் பாசிர் பெனம்பாங்கில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து நண்டு தின்னும் படத்தை ஷெல்லி பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். நண்டு பெரியதாகத்தான் இருந்தது. நான் வாட்ஸாப்பில் அனுப்பிய பதினொரு செய்திக்கும் நீல டிக் மட்டும் விழுந்து பதில் வராததால், முப்பத்தோரு வருஷம் தோட்டத்துக் கிராணியாக எழுதிப் பழகிய கையால் இதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள், அதனால் வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

நேற்று காலை பத்து மணிக்கு நம் குடியிருப்பாளர் சங்கத் தேர்தல். நீ ரவாங்குக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியும் உறுப்பினர் பட்டியலில் உன் பெயரை எடுக்க விடாமல் காத்துவந்தவன் நான். எதற்கு? இந்த ஒரு நாளுக்கு. சனிக்கிழமை போன் பண்ணினேன். "ஒரு ஓட்டுதானே அத்தான், அதனால என்னா ஆயிரப் போவுது லா" என்றாய். என்ன ஆனது என்று சொல்கிறேன், கேள். தலைவர் காளியண்ணன் இருபத்துமூன்று, நம் விஷாலினி இருபத்திரண்டு. நீ வந்திருந்தால் சமம். சமமானால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்று சங்க விதி இருக்கிறது. கடவுளுக்காவது ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். இருபது நிமிஷ தூரத்தில் நண்டுக்கு உட்கார்ந்து அதையும் நீ கெடுத்துவிட்டாய்.

காளியண்ணனின் பதினான்கு வருஷ சாதனை என்ன என்று இந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்கள். பெயர்ப்பலகை வைத்தார். அதில் அவர் பெயர் சங்கத்தின் பெயரை விடப் பெரிதாக இருக்கிறது. பாலத்தைப் பற்றி உனக்கே தெரியும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி உடைத்துவிட்டுப் போய் ஏழு வருஷம். கல்லறைக்குப் போக பாரிட்டு வாய்க்காலின் மேல் இன்றுவரை இரண்டு பலகைதான், மழை பெய்தால் ஒன்றரை. சவ வண்டி இந்தக் கரையிலேயே நின்றுவிடும், அப்புறம் தோள்தான். தோட்டக் கம்பெனிக்காரன் காங்கிரீட் பாலம் போட்டுத் தர ஒத்துக்கொண்டுவிட்டான், சங்கத் தலைவர் கையெழுத்தோடு ஒரு மனு மட்டும் கொடுங்கள் என்கிறான். ஒரு கையெழுத்து, அட்ரியன்! மனுவை நானே டைப் அடித்து மூன்று தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தடவையும் "பார்க்கலாம் மத்தியாஸ், அவசரப்படாதீங்க லா" என்று சட்டைப்பையில் வைத்தார். முதல் மனு சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. இரண்டாவதின் முதுகில் யாரோ லாட்டரிக்கு நாலு நம்பர் எழுதி எடுத்துப் போனதாகக் கேள்வி. மூன்றாவது எங்கே என்று அவருக்கே தெரியாது.

இதில் எனக்கு என்ன அவ்வளவு ஆத்திரம் என்று நீ கேட்க மாட்டாய். அக்காள் அந்தக் கரையில் இருக்கிறாள். முட்டி போனதிலிருந்து என்னால் அந்தப் பலகையில் கால் வைக்க முடியவில்லை. போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தியோடு அந்தப் பக்கம் போனார்கள். நான் என் மெழுகுவர்த்தியைப் பக்கத்து வீட்டுப் பேட்ரிசியாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு இந்தப் பக்கம் நின்றேன். இங்கிருந்து பார்த்தால் மாடில்டாவின் சிலுவையில் மேல்பாதி மட்டும் தெரிகிறது, அதுவும் லாலாங் புல்லை வெட்டியிருந்தால்.

அதனால்தான் விஷாலினி போட்டி போடுகிறேன் என்று வந்து நின்றபோது எனக்கு உயிர் வந்தது. பாலகிருஷ்ணனின் மகள், ரவாங் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை, மனுவின் நகல் ஒன்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவள். "ஜெயிச்சா அன்னிக்கே சைன் பண்ணிடுவேன் அங்கிள்" என்றாள். மூன்று வாரம் இந்த முட்டியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஜனநாயகம் என்றால் என்ன, ஓட்டு என்பது எப்பேர்ப்பட்ட கடமை என்று நான் பேசாத வாசல் இல்லை. முருகையா இருக்கிறாரே, சங்கச் செயலாளர், அவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். "யோவ், ஒரு வீட்டுல சாவு விழுந்தா மொத ஆளா வந்து நிக்கிறது யாரு? கூடாரம் போடுறது யாரு? தோள் குடுக்கிறது யாரு? காளியண்ணன் தூக்காத பெட்டி இந்தத் தோட்டத்துல உண்டா?" என்று கேட்டார். நான் விடுவேனா? "பாலம் இருந்தா வண்டியே கல்லறைக்குள்ள போயிருமே, அப்புறம் இவரு எதுக்குத் தூக்கணும்? பாலத்தைக் கட்டாம விட்டுட்டு, பாலம் இல்லாததால தூக்குறேன்னு பேரு வாங்குறாரு. இது என்னா சாதனை?" என்று கேட்டேன். இராஜம்மா வீட்டில் அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு போனப்போ அவருதானே கூட நின்னாரு, எப்படிங்க அவருக்கு எதிரா கை தூக்கறது" என்றபோது, "அம்மா, நன்றி சொல்லணும்னா கூப்பிட்டு ஒரு காப்பி குடுங்க, ஓட்டைக் குடுக்காதீங்க" என்று சொன்னவனும் நானே. இந்த வசனம் எனக்கே பிடித்துப்போய் அடுத்த ஏழு வீட்டிலும் சொன்னேன்.

இனி நேற்றைய கூத்தைக் கேள். மண்டபத்தில் நாற்பத்தாறு பேர். விஷாலினி எழுந்து, "வாக்குச் சீட்டு வைக்கணும், ரகசியமாப் போடணும்" என்றாள். காளியண்ணன் சிரித்துக்கொண்டே, "நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள்ள என்னா ரகசியம், கையைத் தூக்கிருவோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குடும்பத்துக்குள்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது, அதற்குள் பின்னால் சாப்பிட வைத்திருந்த மீகூன் சட்டியைத் திறந்துவிட்டார்கள், பாதிப் பேரின் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. காளியண்ணன் எழுந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கைகள் ஒவ்வொன்றாக மேலே போனதை நீ பார்த்திருக்க வேண்டும். நாகமணி விஷாலினியின் சொந்த அத்தை. அந்தம்மாவே கை தூக்கினாள். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, "பொண்ணு தலைவரானா மாப்பிள்ளை வீட்டுல பயப்படுவாங்க" என்கிறாள். இராஜம்மா காளியண்ணனுக்கும் தூக்கி விஷாலினிக்கும் தூக்கினாள். முருகையா அது செல்லாது என்றார். "ரெண்டு பேருமே நல்ல பிள்ளைங்கதானே, எதுக்கு ஒருத்தரு மனசை நோகடிக்கணும்" என்று அந்தம்மா அழுதுவிட்டாள். முருகையா காளியண்ணனுக்கு எண்ணும்போது சத்தமாகத்தான் எண்ணினார். இருபத்திரண்டோடு நின்றது. அப்புறம் கொஞ்சம் இழுத்து, "இருபத்தி... மூணு" என்றார். அந்த ஒரு கைதான், அட்ரியன். தாமதமாக வந்த அந்த ஒரு கைதான் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது.

விஷாலினி அழவில்லை. மனுவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். காளியண்ணன் வந்து என் தோளைத் தட்டி, "பாலம்தானே, பார்க்கலாம் லா" என்றார். எனக்கு மீகூன் இறங்கவில்லை. இந்த ஜனங்களுக்கு ஓட்டு எதற்கு? உலகத்தில் எந்த நாட்டு அதிபரைப் பற்றிக் கேட்டாலும் மணிக்கணக்கில் சாதனை, வேதனை என்று பேசுகிறார்கள். தங்கள் பாரிட்டில் பாலம் இல்லாததைப் பற்றிக் கேட்டால், பாவம் நல்ல மனுஷன் என்கிறார்கள். கடமையைவிட முகதாட்சண்யம் பெரிதாகப் போன இந்த இடத்தில் இனி எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. சங்கத்திலிருந்து விலகுவதாக இன்றைக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன். உன் பெயரையும் எடுத்துவிடச் சொல்கிறேன். நிம்மதியாக நண்டு சாப்பிடு.

ஆனாலும் நீ மாடில்டாவின் தம்பி. உன் குடும்பத்தை ஆண்டவர் எந்தக் குறையும் வராமல் காப்பாராக. ஷெல்லிக்கு என் அன்பு. ஜாரெட் நன்றாகப் படிக்கட்டும், பெரியவனானதும் ஓட்டுப் போடட்டும். முட்டிக்குத் தைலம் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயே, அதை மறந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மனம் வெறுத்துப்போன உன் அத்தான்,
மத்தியாஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பேட்ரிசியா வந்து, நேற்றுக் கூட்டம் முழுவதையும் போனில் வீடியோ எடுத்து ஷெல்லிக்கும் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறாள். அதனால் நீ பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கடைசியாக மேலே போகும் அந்தக் கை என்னுடையது. தூக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை, அட்ரியன். காளியண்ணன் என் வரிசையைப் பார்த்தார். அக்காளைக் கொண்டுபோன அன்றைக்கு மழை, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பின்னால் குடை பிடித்து வந்தாய். பலகை வழுக்கிப் பெட்டி சாய்ந்தபோது இந்த மனுஷன்தான் செருப்போடு பாரிட்டுக்குள் குதித்தார். கழுத்துவரை தண்ணீரில் நின்று, பாரிட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு அவள் மேல் படாமல் சாய்ந்த முனையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். நேற்று அவர் என்னைப் பார்த்தபோது எனக்கு மனுவும் தெரியவில்லை, கடமையும் தெரியவில்லை, அந்தத் தண்ணீர்தான் தெரிந்தது. இராஜம்மாவிடம் சொன்ன காப்பி விஷயம் எனக்கே உதவவில்லை. இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டியதையெல்லாம் வெட்டிவிட்டுப் படி. அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்கு நீ வந்தாலும் வராவிட்டாலும் சரி. இந்த ஞாயிறு மட்டும் வந்து, பலகையில் என் கையைப் பிடித்து அந்தக் கரைக்குக் கூட்டிப் போ. பாலம் ஏன் வராது என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.